கடன் அதிகாரியும் கண்ணூறும்

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் "பாடு எப்படி?" என்று கேட்டு உண்மையான பதில் வாங்கியவர் எவரும் இல்லை. லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்தவரும் "ஏதோ போகுது" என்றுதான் சொல்வார். நானும் அந்த இனம்தான். அந்த ஒரு பதிலால் ஒரு வீட்டையே கோட்டை விடப் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில், லிட்கம்மில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் கென் அவுஸ்திரேலியர். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். ராணுவத்தில் வானொலி திருத்தியவர், வீட்டுக் கராஜில் டிவி திருத்தத் தொடங்கினார். கலர் டிவி வந்த புதிது. செய்தி வாசிப்பவர் பச்சையாகத் தெரிகிறார் என்று சனம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. குசினி வரைக்கும் டிவி. (ஒன்றின் மேல் பலகை போட்டுத்தான் நான் வெங்காயம் வெட்டினேன்.)

அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. பெரிய கராஜ், வெளிச்சமான குசினி. எனக்கு அந்த வீட்டின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. போருக்குப் போனவர்களுக்குக் குறைந்த வட்டியில் வீட்டுக்கடன் உண்டு. கென்னுக்கும் தகுதி இருந்தது. ஆனால் சொந்தத் தொழில் செய்பவர் என்பதால், வருமானம் தொடர்ந்து வரும் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும்.

"கணக்கு எழுதுறது நீர்தானே, நீரும் வாரும்" என்றார் கென். (என்னிடம் பழகிய தமிழ். சுத்த யாழ்ப்பாணம்.)

கடன் அலுவலகத்தில் அதிகாரி வரிக் கடதாசிகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். பேசியது ஆங்கிலத்தில்தான், ஆனால் என் வாயில் வந்ததெல்லாம் ஊர்ப் பதில்கள்.

"தொழில் எப்படிப் போகிறது?"

"ஏதோ போகுது."

கென் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"வேலை நிறைய வருகிறதா?"

"பெரிசா எண்டு சொல்ல ஏலாது."

"அடுத்த வருடம்?"

"கடவுள் விட்ட வழி."

அதிகாரி பேனாவை மூடினார். "உங்களுக்கே நம்பிக்கை இல்லை. நான் எப்படிச் சிபாரிசு செய்வது?"

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் கென் என் பக்கம் திரும்பினார். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"நல்லாப் போகுது எண்டு வாயால சொன்னால் கண்ணூறு பட்டிடும், கென்."

"கண்ணூறு படவும் ஒரு வீடு வேணுமே!"

நான் அழுதுவிட்டேன். அந்தக் குசினி என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் காலை, வேலைகளைப் பதியும் கொப்பியோடு தனியே போய் அதிகாரி முன் நின்றேன். "நேற்று நான் பொய் சொன்னனான்" என்று தொடங்கி, கண்ணூறு வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கூட்டிச் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். குறைத்துச் சொல்லிக் கடன் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். சரி, தொழில் எப்படி?"

"நல்லாப் போகுது" என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. "மூன்று கிழமைக்கு முதல் வந்த பெட்டியளையே இன்னும் திறக்கேல்லை."

அவர் கொப்பியைப் புரட்டி, ஏதோ எழுதினார். "இப்படியே போகட்டும்" என்று சொல்லி, மேசையை விரல் முட்டியால் தட்டினார்.

"ஏன் தட்டினீங்கள்?"

"நல்லதைச் சொன்னால் மரத்தைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் கெட்டுவிடும்."

அட, இவர்களுக்கும் இருக்கிறதா! நானும் தட்டினேன். தட்டிய வேகத்தில் அவருடைய தேநீர் சோசருக்குள் சிந்தியது.

கடன் கிடைத்தது. அன்றிலிருந்து நல்ல சேதி எது சொன்னாலும் எங்கள் வாசல் கதவைத் தட்டுவேன். என் கை எட்டும் உயரத்தில் பெயின்ற் தேய்ந்து ஒரு வட்டமே விழுந்துவிட்டது. நல்ல சேதியெல்லாம் அங்கேதான் சேருகிறதாம், பிள்ளைகள் அதற்கு 'அம்மாவின் வங்கி' என்று பெயர் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரிப்பார்கள்.

போன மாதம் கென் பொறுக்கமுடியாமல் கதவு முழுக்கப் புதுப் பெயின்ற் அடித்தார். தூரிகையும் கையுமாக நின்று, "இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு" என்று சொல்லி, ஈரம் காயாத கதவை ஓங்கித் தட்டினேன்.