ஐந்தாவது ‘ஏன்’

கறக்... கறக்...

எலி என்றுதான் வினோதினி நினைத்தாள். இரவு ஒன்பதரை. படப்பைக்கு வெளியே புது மனையில் கட்டிய வீடு; சுற்றிலும் காலி மனைகள், எலிக்குப் பஞ்சமில்லை. பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். சத்தம் அடியிலிருந்து வரவில்லை. மேலிருந்து வந்தது.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் தேவிப்பிரியா தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வினோதினி குழந்தையின் தாடையைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது. கடிப்பு சற்று நின்றது. “ஏழெட்டு அம்பத்தாறு” என்று உதடு முணுமுணுத்தது. மறுபடி கறக்.

கூடத்தில் கணவன் லோகேஷ் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாளைக்குக் குழந்தைக்குக் கணக்குத் தேர்வு, இருபது மார்க். அதற்கு முன்னால் விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி ஒரு ‘ட்ரையல் ரன்’. அதற்குத்தான் கேள்வித்தாள்.

போன மாதம் அவள் பதினெட்டு வாங்கிய அன்றைக்கு எடுத்த சபதம் இது. தன் லைனில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பீஸ் ஓடுகிறது, ஒன்றுகூட ரிஜெக்ட் ஆவதில்லை, ஒரே ஒரு பெண்ணிடம் இருபதுக்கு இருபது வராதா என்றான். மறுநாளே கூடத்தில் வெள்ளைப் பலகை ஏறியது. மணிக்கு இத்தனை கணக்கு என்று டார்கெட். கம்பெனியில் ரிஜெக்ட் பீஸைப் போடுவதுபோல, மார்க் குறைந்த தாளைப் போட ஒரு சிவப்புப் பெட்டி. மேசைக்கு மேல், மணி கட்டிய ஒரு கயிறு.

கயிறுதான் அவனுக்குப் பெருமை; கம்பெனி லைனில் இருப்பதைப் போலவே கட்டியது. லைனில் யார் குறை கண்டாலும் இழுக்கலாம். இழுத்தவரைத் திட்டக் கூடாது. வேலை நிற்கும். சூப்பர்வைசர் வந்து ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டு ஆணிவேரைக் கண்டுபிடித்த பிறகுதான் லைன் ஓடும்.

செவ்வாய்க்கிழமை தேவிப்பிரியா இழுத்தாள். வயிற்றுவலி. மூன்றாவது ‘ஏன்’ வருவதற்குள் அழுதுவிட்டாள். ஆணிவேர் மத்தியானம் சாப்பிட்ட புளிசாதம் என்று பலகையில் எழுதி, லைனை ஓட்டிவிட்டான். புளிசாதம் கட்டிக்கொடுத்த வினோதினி வாய் திறக்கவில்லை. கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். தேர்வு என்றால் இன்றும் அவளுக்குக் குரல் எழும்பாது.

இப்போதும் எழும்பவில்லை. நேராகப் போய்க் கயிற்றை இழுத்தாள்.

“இன்னா வினோ, இந்நேரத்துல?”

“லைன நிப்பாட்டியிருக்கேன். திட்டக் கூடாது.”

லோகேஷ் முகத்தில் பல்ப் எரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒருவர் முறைப்படி நடப்பது இதுதான் முதல் தடவை. மார்க்கரை எடுத்துப் பலகையில் ஐந்து கோடு போட்டான்.

“குறை இன்னா?”

“பாப்பா தூக்கத்துல பல்லைக் கடிக்கிறா.”

“ஏன்?”

“பயம்.”

“ஏன் பயம்?”

“நாளைக்கும் பதினெட்டு வந்துடுமோன்னு.”

“வந்தா இன்னா? அதுக்கு ஏன் பயம்?”

“பேப்பர் சிவப்புப் பெட்டிக்குப் போயிடுமே. என்னையும் அப்பா அதுல போட்டுடுவாராம்மான்னு நேத்து கேட்டா.”

மார்க்கர் தயங்கியது. ஆனால் மூன்றாவது ‘ஏன்’னோடு நிறுத்திக்கொண்ட சூப்பர்வைசர் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

“வூட்டுல ஏன் சிவப்புப் பெட்டி கீது?”

“இருபதுக்கு இருபது வரணும்னு.”

“இருபது ஏன் வரணும்?”

“தெரியலைங்க. பாப்பா கேக்கல. அவ மிஸ்ஸும் கேக்கல. யாரு கேட்டாங்களோ அவங்க பேர எழுதிக்குங்க.”

பழகிய கை எழுதிவிட்டது. ஐந்தாவது கோட்டில், அழகான கையெழுத்தில், ‘லோகேஷ்’. எழுதி அடிக்கோடும் போட்டான். பிறகுதான் படித்தான்.

“ஆணிவேர் கிடைச்சா கம்பெனியில என்ன செய்வீங்க?”

“தனியா எடுத்து வெச்சிடுவோம்.” மார்க்கரை மூடினான். “சரியாவற வரைக்கும் லைன் பக்கம் வுட மாட்டோம்.”

வினோதினி நாலு மணிக் கேள்வித்தாளை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். பெட்டியின் மேல் ஒரு தலையணையை வைத்து அவன் கையில் கொடுத்தாள்.

“வினோ, கூடத்துல கொசு கடிக்குது.”

“ஏன்னு அஞ்சு தடவ கேட்டுப் பாருங்க.”

அறைக்குள் தேவிப்பிரியா கண் திறக்காமலே கேட்டாள், “மணி அடிச்சுதே, லைன் நின்னுடுச்சாம்மா?”

“நின்னுடுச்சு. நீ தூங்கு.”

குழந்தையின் தாடை மெல்ல இளகும்வரை வருடிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள். குடிவந்த நாளிலிருந்து யாரும் தொடாத தாழ்ப்பாள்; துருவேறியிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட ‘கறக்’ அதுதான்.