ராக்கெட்டு வளர்த்த நத்தை

போடிமெட்டுக்கு ரோடு போட்ட நாளிலிருந்து ராக்கெட்டு மாதிரி ஜீப்பு ஓட்டியவன் கிடையாது. இனிமேல் பிறக்கப் போவதும் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் அவன் ஆரன் அடித்தால், அவன் அடுத்த வளைவுக்குப் போன பிறகுதான் முந்தின வளைவில் சத்தம் கேட்கும். ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பொம்பளையாட்கள் முந்தானையில் விபூதி முடிந்துகொண்டுதான் அவன் வண்டியில் ஏறுவார்கள்.

“ஏ ராக்கெட்டண்ணே, புள்ளகுட்டிக்காரிகய்யா! மெதுவாப் போய்யா!”

“கண்ண மூடிக்க ஆத்தா. தோட்டம் வந்ததும் நானே சொல்றேன்.”

அவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவனுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. ரேஷன் கடையில் அந்தப் பேரைக் கூப்பிட்டால் அவனும் சேர்ந்து சுற்றிப் பார்ப்பான், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

அப்பேர்ப்பட்டவன் வயசான காலத்தில் ஆசை ஆசையாக வளர்த்தது என்ன தெரியுமா? நத்தை. வாய்க்கால் ஓரத்துப் பொடி நத்தை இல்லை. உள்ளங்கை கொள்ளாத ராட்சச நத்தை. ஆப்பிரிக்கா நத்தை என்பார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். முதுகில் ஏலக்காய் மூட்டை சுமந்து ஆரம்பித்தவன். இன்றைக்கு மலையில் தோட்டம், போடியில் மாடி வீடு. எல்லாம் இந்த மூக்கால் வந்தது. ஒரு பிடி காயை அள்ளி முகர்ந்தால் எந்தச் சரிவில் விளைந்தது, வாட்டினது சரியா, உள்ளே ஈரம் நிற்கிறதா, அத்தனையும் சொல்வேன். வியாபாரிகள் காயைப் பார்க்க மாட்டார்கள். என் மூக்கு விரிகிறதா சுருங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

வீடு கட்டி முடித்தபோது ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது. இப்போது அதில் நான் ஒருத்தன். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன்கள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். இன்றைக்கு எந்த ரூமில் தூங்குவது என்று யோசிப்பதுதான் எனக்கு இருக்கிற பெரிய சோலி.

ராக்கெட்டுக்கும் பெண்டாட்டி இல்லை. ஒரே மகள் திருப்பூரில். கண்பார்வை மங்கி, அவன் வண்டியில் ஏற ஆள் இல்லாமல் போனதும், என் வீட்டுப் பின்ரூமைக் கொடுத்தேன். அவனோடு ஜீப்பும் வந்து முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டது.

ஒரு மழைநாளில் தோட்டத்திலிருந்து வந்த ஈரச் சாக்கை உதறினால், நாலைந்து நத்தை பொத்து பொத்தென்று விழுந்தது. அடுப்படிக்கு ஓடி உப்பு டப்பாவோடு வந்தேன். ஏலத் தோட்டக்காரனுக்கு நத்தை என்றால் எமன். இளங்குருத்தாகப் பார்த்து ஒரே ராத்திரியில் நாற்றங்காலை மொட்டை அடித்துவிடும்.

“அண்ணே, உப்பக் கீழ வைங்க.”

“ஏன்டா? உனக்குச் சொந்தமா?”

“ஒரு ஆளாச்சும் என்னையப் பாத்து மெதுவாப் போன்னு சொல்லாம இருந்தாகளா? இது சொல்லாதுண்ணே. இருந்துட்டுப் போகட்டும்.”

“நான் ஏலக்காக்காரன்டா! என் வீட்டுல நத்தை வளருதுன்னு தெரிஞ்சா மத்த தோட்டக்காரன் வாசல்ல வந்து காரித் துப்புவான்.”

“வாசக் கேட்டத் தாண்டாமப் பாத்துக்கிர்றேன்.”

“தாண்டுச்சு, உன்னையும் சேத்து வெளிய தள்ளிருவேன்.”

“அது கேட்டத் தாண்டுறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோம்ணே.”

சிரித்துத் தொலைத்துவிட்டேன். சிரித்தால் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். முட்டை போட்டால் ஒன்று விடாமல் வேகவைத்து அழித்துவிட வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொன்னேன்.

பழைய மீன் தொட்டி ஒன்றை வாங்கினான். அடியில் தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பரப்பினான். வெள்ளரிக்காய், பப்பாளி இலை, கீரைத்தண்டு. நத்தைக்கு ஓடு கெட்டிப்பட முட்டை ஓட்டைப் பொடித்துப் போட வேண்டுமாம். தினமும் பரோட்டாக் கடையில் போய் நிற்பான்.

“மாஸ்டர், ஓடு இருக்கா?”

“முட்டை வேணாமாண்ணே?”

“அத யாருக்காச்சும் போட்டுக் குடுங்க. ஓட்டத் தாங்க.”

கையில் உப்பு பட்டால் அதுகளுக்கு ஆகாது. ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்ட நாளில் தள்ளி நின்றே பேசுவான். தொட்டுத் தூக்கினால், பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவான். “ஆபரேசன் முடிஞ்சுதா டாக்டரே? ஆளு பொழைக்குமா?” என்பேன். “வெள்ளரிக்கா சாப்பிடுதுண்ணே, பயமில்ல” என்பான்.

இதில் ராசிங்காபுரத்திலிருந்து என் மச்சினன் வந்த கதை தனி. அன்றைக்கு ராக்கெட்டு நத்தை முட்டையைச் சின்னச் சட்டியில் வேகவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். வெளிர் மஞ்சளாக, உருண்டை உருண்டையாக மிதந்தது. மச்சினன் கரண்டியை விட்டு ஒரு கலக்குக் கலக்கினான்.

“என்ன மச்சான், சவ்வரிசிப் பாயசமா? பொண்டாட்டி இல்லாத வீட்டுல என்னா விருந்து!” என்று வாய்க்குக் கொண்டுபோனான்.

“மாப்ளே! அது நத்தை முட்டை!”

கரண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பாயசம் வைத்தால், அவன் முதலில் பக்கத்து இலைக்காரன் குடிக்கட்டும் என்று காத்திருப்பான்.

நத்தைகளில் பெரியதற்கு ராக்கெட்டு வைத்த பேர் பாசிஞ்சர். சாயங்காலமானால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அதை ஜீப்புக் கண்ணாடியின் அடியில் ஒட்டி வைப்பான். கண்ணாடியில் சாக்பீசால் மலை ரோட்டை வளைவு வளைவாகப் போட்டிருந்தான். அது மேலே ஏற ஏற இவன் ஸ்டியரிங்கை ஒடிப்பான்.

“அடிவாரம் முந்தல் தாண்டியாச்சுண்ணே. அடுத்தது பெரிய வளைவு. புடிச்சுக்கங்க.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அந்த ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாகப் பின்னால் போனவன் நான். முன்சீட்டு கிடைத்தது அப்போதுதான். பாசிஞ்சர் உச்சிக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். “மெட்டு வந்துருச்சு, டீக் குடிக்கிறவுக எறங்கலாம்” என்பான். இறங்கிப் போய் டீ போடுவேன். வீட்டில் ரெண்டு டம்ளர் கழுவ வேண்டியிருந்தது அந்தக் காலத்தில்தான்.

தோட்டத்தில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் ஒரு நாள் வீடு கழுவிவிட மலையிலிருந்து இறங்கி வந்தாள். மலையில் நத்தை பிடிக்க ஒரு முறை உண்டு. சாயங்காலம் பப்பாளி இலையைப் பரப்பி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைப்பார்கள். காலையில் சாக்கைத் தூக்கினால் அடியில் அத்தனையும் கூடியிருக்கும். அள்ளி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவார்கள். அன்றைக்கு ராக்கெட்டு தொட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டு, நத்தைகளைப் பப்பாளி இலையோடு ஈரச் சாக்கின் அடியில் விட்டுவிட்டு, ஓடு வாங்கப் போயிருந்தான்.

“மொதலாளி! யாரோ பொறி வச்சுட்டு அள்ள மறந்துட்டாக. நானே அள்ளி உப்புல போட்டுட்டேன். நல்ல காலம், இன்னைக்குன்னு வந்தேன்!” என்றாள். முகமெல்லாம் சந்தோசம்.

நான் பதில் சொல்வதற்குள் ராக்கெட்டு வந்துவிட்டான். கையில் முட்டை ஓட்டுப் பொட்டலம். வாளியை எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“நல்லா சோலி பாக்குற ஆத்தா. இருந்து டீக் குடிச்சுட்டுப் போ” என்றான்.

முந்தின நாள் ஏறியதிலிருந்து ஜீப்புக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்த பாசிஞ்சர் மட்டும் தப்பியது. அன்றைக்குச் சாயங்காலம் அவன் சீட்டில் உட்கார்ந்தான். ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

கோடை வந்தது. நத்தை ஓட்டுக்குள் சுருண்டு, வாயை அப்பளம் மாதிரி வெள்ளை ஏட்டால் மூடிக்கொண்டு தூங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மகளும் வந்தாள். “தனியா இருந்தது போதும்ப்பா, கெளம்பு” என்றாள். தனியாகவா? நான் என்ன தூணா? ஆனால் மகள் கூப்பிடும்போது நான் என்ன சொல்ல முடியும்? அவள் குடியிருக்கிற வீட்டில் நத்தைக்கு இடமில்லை. ஏலக்காய்ப் பெட்டியில் காய்ந்த நார்த்தூள் போட்டு, பாசிஞ்சரை வைத்து என் கையில் கொடுத்தான்.

“அண்ணே, இது தூங்குது. செத்துருச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. தண்ணி தெளிச்சு எழுப்பிறாதீங்க. மழை எறங்குனா அதுவா எந்திரிக்கும்.”

“மழை எப்படா வரும்?”

“வரும்ணே. அதுக்கென்ன அவசரம்?”

அவசரம் என்ன என்று ராக்கெட்டு வாயால் கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

அதற்குப் பிறகு போன்தான். எப்படி இருக்கீங்க என்று கேட்க மாட்டான். “எந்திரிச்சுச்சா?” என்றுதான் கேட்பான். திருப்பூர் எப்படிடா என்றால், “லிப்டுல போறோம்ணே, ஏறுறதும் தெரியல, எறங்குறதும் தெரியல. இங்க எல்லாரும் ரொம்ப வெரசாப் போறாக” என்றான்.

மச்சினன் பெட்டியைப் பார்த்துவிட்டு, “செத்ததக் கட்டிக்கிட்டு அழுறீங்க மச்சான், தூக்கி வீசுங்க” என்றான். நான் வீசவில்லை. காலையில் எழுந்ததும் பெட்டியைத் திறந்து மூக்கை வைப்பேன். செத்திருந்தால் இந்த மூக்குக்குத் தெரியாமல் போகுமா? மண் வாசம் வரும், கொஞ்சம் சுண்ணாம்பு வாசம் வரும். “வாசம் சரியா இருக்குடா” என்று போனில் சொல்வேன். “அண்ணன் மூக்கு சொன்னாச் சரி” என்பான். அவன் மூச்சு விடுவது இங்கே கேட்கும்.

ஒரு நாள் காலையில் மூக்கை வைக்கிறேன், கப்பென்று நாற்றம். அவனிடம் என்ன சொல்வேன்? அந்த நேரம் போனும் அடிக்கிறது. எடுக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள்.

ஒருவழியாக மெட்டுப் பக்கம் கருத்தது. மத்தியானம் சாரல் இறங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தேன். ஈரக்காற்று பட்டுக்கொண்டே இருந்தது. அந்த வெள்ளை ஏடு ஓரத்தில் விட்டது. உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு துளி தெரிந்தது. அப்புறம் ஒரு கொம்பு. அப்புறம் இன்னொன்று. கண்ணாடியில் ஒட்டி வைத்துவிட்டுப் போனைப் போட்டேன்.

“எந்திரிச்சுட்டாடா!”

“மெதுவாப் பேசுங்கண்ணே, பயந்துக்கிருவா.” பிறகு, “இப்ப எங்க வந்துருக்கா?” என்றான்.

“இன்னும் முந்தலே தாண்டலைடா.”

“சரி. நான் போன் லைன்லயே இருக்கேன். மெட்டு வந்ததும் சொல்லுங்க.”

போனை டிரைவர் சீட்டில் வைத்தேன். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பின்ரூமை வாடகைக்குக் கேட்டு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். காலி இல்லை, ஆள் வந்துகொண்டிருக்கிறான், கொஞ்சம் மெதுவாகத்தான் வருவான் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.