ஆடும் கல்லும் மஞ்சள் வட்டமும்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அக்காவுக்குத் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் முழங்காலின் நலத்தைத் தனியாக எழுது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

வெள்ளிக்கிழமை நீ வந்து ஒரு மாதம் தங்கி, கடைத்தெருவில் பிசியோதெரபி செய்யும் ஓர் அம்மாளிடம் தினமும் நடந்து போவதாகத்தானே ஏற்பாடு? வழியில், மருந்துக்கடைக்கு எதிரே, நடைபாதைக் கல் ஒன்று ஆடுகிறது. ஒரு முனையில் மிதித்தால் மறுமுனை எழும்புகிறது. அறுவை செய்த காலோடு நீ அதில் விழுந்தால் என்ன ஆவது என்று நகராட்சிக்கு மனுப் போட்டேன். அளக்கிறவர் வந்தார். இரண்டு விரல் உயரம் தூக்கியிருந்தால்தான் பழுதாம். தூக்கிய முனைமேலேயே ஏறி நின்று அளந்தார்.

"சமமாத்தானே இருக்கு மேடம்?"

"நீங்க அது மேல நிக்கறீங்க. இறங்கி அளங்க."

"இறங்கினா ரோட்டுல நிக்கணும். ரோடு எங்க செக்‌ஷன் இல்ல."

மருந்துக்கடைக்காரர் உள்ளேயிருந்து, "தினம் ரெண்டு பேர் விழறாங்க சார், எனக்குப் பேண்டேஜ் நல்லாப் போகுது, அதான் வாயத் திறக்கல" என்று சாட்சி சொன்னார். அது எந்தப் பக்கத்துச் சாட்சி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அளக்கிறவர் மனம் இளகி, பழுதான கல்லைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட ஒப்புக்கொண்டார். ஆனால் கல் ஈரம், பெயிண்ட் ஒட்டவில்லை. ஆகவே காய்ந்திருந்த பக்கத்துக் கல்லில் போட்டுவிட்டு, "பாத்துப்பாங்க மேடம்" என்று போய்விட்டார். மூன்றாம் நாள் கொத்தனார் வந்து, கடப்பாரையால் அந்த நல்ல கல்லைப் பெயர்த்தார். நான் ஓடினேன்.

"இது நல்ல கல்லுங்க! ஆடறது அது!"

"இருக்கட்டும்மா. எனக்கு வட்டம்தான் கணக்கு. வட்டத்துக்கு வெளியே கைய வச்சா மேஸ்திரி என்னைப் பெயர்த்துடுவாரு."

புதுக் கல் மற்றவற்றைவிட இரண்டு விரல் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் இதுதானே இப்போது பழுது என்று கேட்டேன். புதுக் கல்லை ஒரு வருடத்துக்கு யாரும் அளக்க மாட்டார்களாம். நகராட்சிக்கே போனேன். கிளார்க் கோப்பைத் திருப்பிக் காட்டி, "வேலை திருப்தின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றார். போட்டிருக்கிறேன். கொத்தனார் 'வந்து போனதுக்கு' என்று நீட்டிய தாளில், இரண்டு பட்டம் வாங்கிய நான், படிக்காமல் போட்டிருக்கிறேன்.

ஆகவே அக்கா, இப்போது வராதே. ஆடும் கல்லைத் தாண்டினால் உயர்ந்த கல் தடுக்கும். பயணச்சீட்டை ரத்து செய்துவிடு. உன் கால் விரைவில் ஊன்றி நடக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: தபாலில் சேர்க்கப் போகும் வழியில் அந்தப் பிசியோதெரபி அம்மாளைப் பார்த்தேன். "நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து செய்வேனே, நீங்க கேக்கவே இல்லையே!" என்றார். மூன்று வாரமாக மனு எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே புறப்படு என்று எழுத நினைத்து, எப்போது வருவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். புடவையைச் சற்றுத் தூக்கிக் கணுக்கால் கட்டைக் காட்டினார். "அந்தப் புதுக் கல்லுங்க. இது ஆறட்டும், வந்துடறேன்." நீ வரலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. தெரிந்தால் நீயே எழுது.