நாக்குத் தட்டலுக்கு ஓர் எழுத்து

வாசல் காவலாளிக்குப் பல் அத்தனையும் பிடுங்கியதில், கிடங்கில் இருபது வருடமாகப் பேசிவந்த ஒரு மொழி ஊமையாகிவிட்டது.

மொழி என்றால் மூன்றே சத்தம். மூட்டை தூக்கும் ஆறு பேர் கட்டியது. வாசலில் காவலாளி நாக்கைத் தட்டினால் மேலாளர் அறையைவிட்டு வெளியே வருகிறார் என்று அர்த்தம், படுத்தவன் எழ வேண்டும். தொண்டையை உருட்டினால் கோபமாக வருகிறார். உதட்டை உறிஞ்சினால் போய்விட்டார். மேலாளரும் தவறாமல் உள்ளே வருவார். "என்னப்பா?" என்பார். ஆறு பேரும் மூட்டையும் முதுகுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போவார்.

இப்போது காவலாளி நாக்கைத் தட்டினால் காற்றுதான் வந்தது. பல் செட் வர ஒரு மாதம் ஆகும்.

"எழுதிக் காட்டச் சொல்லிரலாம்" என்றார் ஆறு பேரில் ஒருவரான வாத்தியார். நாற்பத்தெட்டு வயதில் மாலைப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கூட்டியதால் வந்த பட்டப்பெயர். மத்தியானம் பத்து நிமிடம் முதுகைத் தரையில் போடாவிட்டால், மாலையில் அவரையே நாலு பேர் தூக்கவேண்டியிருக்கும்.

"கையை ஆட்டினா போதாதா மாமா?" என்றான் கூடவே மூட்டை தூக்கும் அவர் தங்கச்சி மகன். எழுத்துத் தெரிந்தவரிடம் கேட்கக்கூடாத கேள்வி.

தமிழில் இருநூற்றுச் சொச்சம் எழுத்து இருந்தும் நாக்குத் தட்டலுக்கு ஒன்றில்லை. வாத்தியார் அட்டையில் ஒரு கொக்கி போட்டார். கோபத்துக்குக் கொக்கியில் வால். போய்விட்டார் என்பதற்குச் சுழி. மெதுவாக வந்தால், வேகமாக வந்தால் என்று ஆளாளுக்குக் கேட்க, புள்ளியும் கோடும் சேர்ந்து எழுத்து பதினாலாயிற்று.

படித்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒருவர் ஓங்கி நாக்கைத் தட்ட, மேலாளர் வந்து நின்றார். "என்னப்பா?" வாத்தியார் அட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டார். இனி வாய்க்குள்ளேயே படிக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்.

மறுநாள் மத்தியானம் காவலாளி முதல் அட்டையைத் தூக்கினார், தலைகீழாக. தலைகீழ்க் கொக்கிக்குக் 'கடுங்கோபம், ஓடிவருகிறார்' என்று அர்த்தம். ஆறு பேரும் பாய்ந்தெழுந்து மூட்டையைத் தூக்கினார்கள். மேலாளர் வரவில்லை. காவலாளி சுழி போட்டுக் காட்டினார். அவசரத்தில் சுழி மூடவில்லை. மூடாத சுழிக்கு 'ஒளிந்து நின்று பார்க்கிறார்' என்று அர்த்தம் வைத்திருந்தவர் வாத்தியாரேதான்.

மாலைவரை ஒருவரும் மூட்டையை இறக்கத் துணியவில்லை. இரண்டு நாள் சரக்கு ஒரே நாளில் ஏறிவிட்டது. வாத்தியார் கூன் விழுந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைநாட்டாக இருந்த காலத்தில் மத்தியானத் தூக்கமாவது ஒழுங்காக இருந்தது என்று நினைத்துக்கொண்டார்.

மேலாளர் அறையைக் கூட்டிவிட்டு வந்த அக்கா விளக்குமாற்றைச் சாத்தினாள்.

"மேலாளர் மூஞ்சி தொங்கிப்போய் உக்காந்திருக்காரு அண்ணே. 'நான் கை கழுவ வெளிய வர்றப்பெல்லாம் நாக்கைத் தட்டிக் கூப்பிடுவாங்களே, என்ன கஷ்டமோன்னு நானும் போய் நிப்பேனே, இன்னைக்கு ஏன் யாரும் கூப்பிடலை'ன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."