பாலைவனத்தில் வட்டம் சார்

கடலூர், சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் மூலை என்ற ஒன்றையே வெறுத்த ஒரே மனிதர் வட்டம் சார்தான். மஞ்சக்குப்பத்தில் அவருடைய கட்டட டிசைன் ஆபீஸில் நான் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். அரிசி குடோனையும் வட்டமாகத்தான் போடுவார். "மூட்டைய எங்க சார் சாத்துறது?" என்று ஓனர் கத்துவார்.

ஒருநாள் செம்மண்டலம் ஸ்டெல்லாவும் சிதம்பரம் செந்திலும் வந்தார்கள். இருவருக்கும் ராஜஸ்தான் பாலைவனத்தில் சோலார் கம்பெனி வேலை.

"அங்கதான் சார் கல்யாணம். எந்த சாமியும் இல்லாத எடமா டிசைன் பண்ணுங்க. அப்பதான் ரெண்டு வீடும் வருவாங்களாம்" என்றாள் ஸ்டெல்லா.

சார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

முதலில் வளைவு வைத்தார். படத்தைப் பார்த்து ஸ்டெல்லாவின் அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். சார் கூரையை அடுக்கடுக்காக உயர்த்தினார். செந்திலின் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சார் அதையும் மாற்றிக் குமிழாக்கினார். டீக்கடை பாய், "நம்ம பள்ளிவாசலா சார்?" என்றார்.

"கூரையே வேணாம். தோண்டிடுவோம்" என்று என்னைக் கடற்கரைக்கு இழுத்துப்போனார். மணலில் இடுப்பளவு வட்டக்குழி வெட்டி உள்ளே உட்கார்ந்தார். "பாரு, காத்து தலைக்கு மேல போவுது."

வலை இழுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "என்னாத்த சார் தொலச்சீங்க?"

"கல்யாண மண்டபத்த."

அதையே பாலைவனத்தில், உள்ளே சுற்றிலும் உட்கார ஒரே வரிசைக் கல்படி வைத்துக் கட்டினார். கல்யாணத்தன்று பெரியவர்கள் வந்தார்கள். ஆனால் இறங்கவில்லை.

"பொண்ணு வூடு எந்தப் பக்கம்?" என்று ஸ்டெல்லாவின் அப்பா கேட்டார்.

"வட்டத்துக்கு ஏதுங்க பக்கம்?" என்றார் சார்.

"அப்ப மொத வரிசை யாருக்கு?" இது செந்திலின் அம்மா.

"அதுவும் இல்லீங்கம்மா."

இருவரும் ஆளுக்கொரு கரையில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டெல்லா மாலையோடு கீழே தவித்தாள். திடீரென்று மணற்காற்று அடித்தது பாருங்கள், அத்தனை பேரும் விழுந்தடித்துக் குழிக்குள் இறங்கினோம். கண்ணைத் திறந்தால், செந்திலின் அம்மா பக்கத்தில் ஸ்டெல்லாவின் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

அவர் கைக்குட்டையை நீட்டினார். "கண்ணுல மண்ணு வுழுந்துடுச்சா, சம்மந்தி?"

"ஆமாங்க" என்று வாங்கிக்கொண்டார் அந்த அம்மா. 'சம்மந்தி' என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை பேரும் காத்திருந்தோம். பிள்ளைகள் மாலை மாற்றிக்கொண்டார்கள். குழியே அதிர்ந்தது.

சார் மட்டும் மேலே, தலையெல்லாம் மணலாக, கைதட்டியபடி நின்றார். எல்லாருக்கும் இடம் போட்டவர் தன்னைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தார். நான் கொஞ்சம் நகர்ந்து, அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.