என் சளி பச்சையாக மின்னிய பகல்

உயிரோடிருக்கும்போதே தன் சாவைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்தேன். அது பச்சை நிறம்.

யுத்த காலம். பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் நான் புது உதவியாளன். அடுத்த மாதம் கல்யாணம். தண்ணீரில் வாழ்ந்து நியூமோனியாவைக் கொண்டுவரும் ஒரு கிருமி, வார்டில் மூச்சுக்குத் திணறிய ஒருவரிடம் இருக்கிறதா என்று தெரியவேண்டும். அதற்கென்றே ஒரு அன்டிபொடி வந்திருந்தது (பாடப்புத்தகத்தில் பிறபொருளெதிரி). அந்தக் கிருமியில் மட்டும் ஒட்டும். இருட்டில், விசேட விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத சுகதேகி ஒருவரின் சளியும் வேண்டும். சுகதேகி நான்தான்.

மத்தியானம் எங்கோ குண்டு வெடித்து, ஊரடங்கு போட்டார்கள். என் தமிழ்ப் பெயரோடு சோதனைச்சாவடிகளைத் தாண்டிக் கலஹாவிலிருந்த வீட்டுக்குப் போகப் பயம். கறுப்புத் திரையை இழுத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். தெருவில் சிப்பாய்களின் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, நோயாளியின் சளி தடவிய கண்ணாடித் தகட்டில் பச்சைக் குச்சிகள் மிதந்தன. பிடித்துவிட்டேன் என்று பெருமையோடு என் தகட்டை வைத்தேன். அதிலும் அதே குச்சிகள், இன்னும் நெருக்கமாக. அதுவரை இல்லாத இருமல் அந்த நிமிடமே வந்தது.

இருமல் கேட்டு ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு கதவைத் தள்ளினான். வழக்கமாக நடுங்குகிறவன் நான். அன்று, தெரிந்த சிங்களத்தில், கிட்ட வராதே, பொல்லாத நோய் என்று கத்தினேன். அவன் பின்னோக்கியே நடந்து வெளியேறி, கதவையும் சாத்திவிட்டுப் போனான்.

அடுத்து, ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா வந்தார்.

"டொக்டர், எனக்கும் வந்திருச்சுங்க. வீட்டுக்குச் சொல்லிருங்க."

"அழாதையும். தகட்டை என்ன தண்ணியாலை கழுவினீர்?"

"காலையில கரண்ட் இல்லீங்களே, காய்ச்சி வடிச்ச தண்ணி தீந்துபோச்சு. குழாய்த் தண்ணிதாங்க."

அவர் சிரிக்கவில்லை. வெறும் குழாய்த் தண்ணீரையே ஒரு தகட்டில் காயவைத்து, அன்டிபொடி இட்டு, அறை விளக்கை அணைத்துப் பார்த்தார். பச்சைக் கூட்டம்.

"உமக்கு ஒண்டுமில்லை. எங்கட தண்ணித் தாங்கியிலைதான் கிருமி இருக்கு. ஷவர்த் தூறலை மூச்சிலை இழுத்தாத்தான் ஆபத்து."

அன்று காலை, அதே தாங்கித் தண்ணீர் வரும் ஆய்வுகூடத்து ஷவரில்தான் பாட்டுப் பாடிக் குளித்திருந்தேன்.

மறுநாள் வடித்த நீரில் கழுவியபோது என் தகடு இருட்டாகக் கிடந்தது. நோயாளியுடையது மட்டும் மின்னியது. மருந்தை மாற்றினார்கள், மனிதர் பிழைத்தார். தாங்கியைக் கழுவினார்கள். எனக்கும் கல்யாணம் நடந்தது.

இப்போதும் நான் இருமினால் மனைவி சொல்வாள்: "லைட்ட அணைங்க பிள்ளைகளா, அப்பா பச்சையா தெரியுறாரான்னு பாப்போம்." எல்லோரும் சிரிப்போம். சில வேளை யாராவது எழுந்து உண்மையாகவே அணைத்துவிடுவார்கள். அந்தக் கணம் மட்டும் ஒருவரும் சிரிப்பதில்லை.