ரலிட்சாவின் மூன்று சக்கர முட்டை

போன மாதம் நான் ஒரு சபதம் எடுத்தேன். என் மனைவி ரலிட்சாவின் மின்சார வண்டியை எங்கள் வாசலை விட்டே விரட்டுவது என்று.

வண்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது மூன்று சக்கரம் வைத்த முட்டை. உள்ளே ஓர் ஆள் உட்காரலாம். பின்னால் ஒரு பெட்டி. யந்த்ரா ஆற்றங்கரையில் மூடிக் கிடந்த தக்காளி ஆலையை வாடகைக்குப் பிடித்து, மூன்று பேர் சேர்ந்து இந்த யந்திரத்தைச் செய்கிறார்கள். அவர்களில் தலைவன் கமென். பெயர்தான் கமென், வாய் கம்மென்று இருக்காது. போதாக்குறைக்குத் தாடியும் அகலத் தோளும் வேறு.

ரலிட்சா மாவு மடிப்புகளுக்குள் சீஸ் வைத்துப் பனித்சா என்ற பலகாரம் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். எங்கள் தர்னோவோ ஊரில் தெரு என்றால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். சமமாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. தட்டுகளைச் சுமந்துகொண்டு அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த வரையில் நான் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன். முட்டை வந்தது, தூக்கம் போயிற்று.

முட்டையின் மேல் எனக்குக் கோபமில்லை. கமெனின் மேல்தான். டயருக்கு இவ்வளவுதான் காற்று என்று கமென் சொன்னார். மேட்டில் மெதுவாக மிதிக்க வேண்டும் என்று கமென் சொன்னார். சாப்பாட்டு மேசையில் தினமும் இதுதான். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து "லுபென் சொன்னாரு" என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. லுபென் நான்தான். முட்டை மின்சாரத்தில் ஓடியது, நான் வயிற்றெரிச்சலில் ஓடினேன். இரண்டிலும் புகை வெளியே தெரியாது.

நடுவழியில் நின்று மானத்தை வாங்கினால் வண்டியையும் வெறுப்பாள், செய்தவனையும் வெறுப்பாள் அல்லவா? ராத்திரிச் சாப்பாடு ஆனதும் போய் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கினேன். விடியுமுன் அவள் அடுப்படியில் இருக்கும்போது மறுபடி செருகினேன். ஒன்றும் தெரியாதவன் போலக் காபி குடித்தேன்.

வண்டி தேவாலய மேட்டில் நின்றுவிட்டது. என்னைத்தான் கூப்பிடுவாள் என்று, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் கமெனின் வேனில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினாள். எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பனித்சா அவன் கையில் இருந்தது. பாதி.

மறுநாளும் பிடுங்கினேன். மறுநாளும் வேன் வந்தது. அடுத்த நாள், பேட்டரிக்கு என்ன நோய் என்று பிடிபடவில்லை என்று சொல்லி, அவன் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான். முட்டையைத் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பங்கு அரிசி அடைத்த குடமிளகாயைச் சாப்பிட்டான். ரலிட்சா தயிர்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். பேட்டரியில் இறங்கிய சார்ஜ் எல்லாம் என் தலையில் ஏறியது.

அவன் போனதும் சொன்னேன். "நாளையிலேருந்து நீ அந்த வண்டியில ஏறக் கூடாது."

"அப்ப பனித்சாவை யாரு கொண்டுபோறது?"

"நான் கொண்டுபோறேன். ரிப்பேர்னா அந்தக் கமென்கிட்ட நானே பேசிக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? இருட்டுல எழுந்திருக்கணும்."

"என்னால முடியாதுன்னு நினைச்சியா?"

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிளக்கை மட்டும் இனிமே பிடுங்காதீங்க. நடுவழியில நின்னா நீங்கதான் தள்ளணும்."

மறுநாள் பனி விழுந்துகொண்டிருக்கும்போதே தட்டுகளோடு கிளம்பினேன். கடைசியாக ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. ரலிட்சா என்னில் பாதி. என் உடம்பு அந்த முட்டைக்குள் நுழையாது. நுழைந்தது. தையற்காரன் அளவெடுத்துத் தைத்த கோட்டு மாதிரி சீட்டு என்னைக் கட்டிக்கொண்டது.

எல்லாக் கடைக்கும் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஆற்றங்கரையில் கமெனைப் பார்த்தேன். இவ்வளவு சின்ன வண்டியில் நான் எப்படியப்பா அடங்கினேன் என்று கேட்டேன்.

"ஓட்டப்போறவங்க அளவுக்குத்தான் நாங்க சீட்டு செய்வோம்ணா," என்றான் அவன். "அக்கா ஆர்டர் கொடுத்த அன்னிக்கே உங்க அளவைத்தான் கொடுத்தாங்க."